ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஆம்புலன்ஸ் வேலை, நைட் ஷிஃப்ட் வேறு: தம்பியை அனுப்பலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தம்பி பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்தவர், வயது 23. 108 ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராகத் தேர்வாகியிருக்கிறார். வீடு திண்டிவனம். போஸ்டிங் விழுப்புரத்துக்கும் அப்பால், ஏறக்குறைய 50 கி.மீ. பைக்கிலேயே போய்வந்துவிடலாம் என்கிறார். அம்மாவுக்கோ ரத்தம், பிணம், தொற்றுநோய் என்று பயம். வேலையில் சேரச் சொல்லலாமா, நைட் ஷிஃப்டைத் தாங்குவாரா என்று அக்கா கேட்கிறார்.

சேரச் சொல்லுங்கள். பைக் மட்டும் வேண்டாம். நீங்கள் கேட்டதற்கு என் பதில் இவ்வளவுதான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குத்தான் மீதி எல்லாம்.

நான் பதினோரு வருஷம் ஆம்புலன்ஸின் பின்பக்கத்தில் உட்கார்ந்தவன். இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு வகுப்பெடுக்கிறேன். எங்கே, யாரிடம் வேலை பார்த்தேன் என்பது இங்கே தேவையில்லை. அம்மா பயப்படுகிற மூன்றில் ரத்தமும் தொற்றும் ஆறு மாதத்தில் பழகிவிடும், சாவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். பதினோரு வருஷத்திலும் எனக்குப் பழகாதது தூக்கம்.

முதலில் வேலை என்னவென்று பார்த்துவிடலாம். 108 சேவை 2005-ல் ஹைதராபாத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில் வந்தது. வண்டிக்கு இரண்டு பேர். ஓட்டுபவரை டிரைவர் என்று சொல்லமாட்டார்கள், பைலட். பின்னால் இருக்கும் மருத்துவ உதவியாளர் இ.எம்.டி. (எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னீஷியன்). நர்சிங் படித்தவர்களும் வருவார்கள், உங்கள் தம்பி மாதிரி விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல் படித்தவர்களும் வருவார்கள். ஆட்சேர்ப்பு விளம்பரத்திலேயே எழுதியிருக்கும்: 50 நாள் பயிற்சி, 12 மணி நேரப் பணி, பகலும் இரவும் மாறி மாறி, தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்திலும் போடலாம். கடைசி வரியை நிறையப் பேர் படிப்பதில்லை. உங்கள் தம்பிக்குப் பக்கத்து ஊராகக் கிடைத்தது அதிர்ஷ்டம்தான். தேனிக்காரரைத் திருவள்ளூரில் போட்டதையும் பார்த்திருக்கிறேன்.

எட்டு மணிக்கு ஷிஃப்ட் மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழரைக்கே போய்விட வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது, வாயில் தேங்குவதை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன் இழுக்கிறதா, பிரசவக் கிட் பிரிக்காமல் இருக்கிறதா, குளூக்கோஸ் ஸ்ட்ரிப் தீர்ந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். இதில் சோம்பல்பட்டால் ராத்திரி இரண்டு மணிக்கு, வாயில் ரத்தமும் வாந்தியுமாக ஒருவரைக் கிடத்தியிருக்கும்போதுதான் சக்‌ஷன் வேலை செய்யாதது தெரியும்.

வேலைக்கு வரும் நேரம் நம் கையில் இருக்கிறது. கிளம்பும் நேரம் இல்லை. நைட் முடிகிற காலை ஏழு ஐம்பதுக்கு ஒரு போன் கால் வந்துவிட்டால், நம்மை மாற்றிவிட வேண்டிய ரிலீவர் இன்னும் வந்து சேரவில்லை என்றால், போக வேண்டியது நாம்தான். அது முண்டியம்பாக்கம் மெடிக்கல் காலேஜோடு முடிகிற கேஸ் என்றால் பரவாயில்லை. அங்கிருந்து ஜிப்மருக்கு ரெஃபரல் என்றால் புதுச்சேரி போய், பெட் கிடைக்கும்வரை நம்முடைய ஸ்ட்ரெச்சரிலேயே நோயாளியை வைத்துக்கொண்டு நின்று, திரும்பி வண்டியைக் கழுவி ஒப்படைக்கும்போது பதினொன்றரை, பன்னிரண்டு ஆகிவிடும். அதற்குப் பிறகு 50 கி.மீ. பைக். அன்று இரவே மறுபடி எட்டு மணிக்கு டூட்டி. தூங்குவதற்கு மிச்சம் எத்தனை மணி நேரம் என்று தம்பியையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

ராத்திரிக்கு ஒரு நேரக்கணக்கு உண்டு. வகுப்பில் இதை யாரும் சொல்லித்தருவதில்லை. நாலைந்து மாதத்தில் தானாகப் பிடிபடும். பத்து மணிக்கு டாஸ்மாக் மூடும், பத்தேகாலுக்கு நமக்குக் கடை திறக்கும். பைக்கில் விழுந்தவர்கள், அடிதடி, மண்டை உடைந்தவர்கள். நள்ளிரவுக்கு மேல் பிரசவ வலி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல். இரண்டரை வாக்கில் ஒரு அமைதி வரும். அதை நம்பிக் கண்ணை மூடினால், மூன்றிலிருந்து ஐந்துக்குள் ஹைவே கேஸ் வரும். தெற்கேயிருந்து விடிவதற்குள் சென்னை போய்ச் சேர நினைக்கிற கார், வேன் எல்லாம் அந்த நேரத்தில்தான் நம் பக்கத்தைத் தாண்டும். கரும்பு வெட்டுக் காலமானால் பின்விளக்கே இல்லாத டிராக்டர் டிரெய்லர் வேறு.

அந்த நேரத்து விபத்தில் நான் முதலில் பார்ப்பது ரோட்டை. பகலில் மோதிய வண்டிக்குப் பின்னால் டயர் தேய்ந்த கறுப்புத் தடம் நீளமாக இருக்கும், பிரேக் அடித்திருப்பார்கள். விடியற்காலை விபத்துகள் பலவற்றில் அந்தத் தடமே இருக்காது. ஓட்டியவர் தூங்கிவிட்டார் என்று அர்த்தம். இப்படி எத்தனையோ பார்த்தவன்தான் நானும், நைட் டூட்டி முடித்து, அதே ஜி.எஸ்.டி. ரோட்டில் (சென்னை-திருச்சி ஹைவே), 42 கி.மீ. தினமும் பைக் ஓட்டிக்கொண்டிருந்தேன். புத்தி எங்கே போயிருந்தது என்று கேட்காதீர்கள். வாடகை மிச்சம் என்று நினைத்தேன்.

ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். விடியற்காலை நாலேகால். இருபது வயசுப் பையனுக்கு வயிற்றுவலி என்று கால். போனால் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறான். கேஸ் ட்ரபிளாக இருக்கும் என்று அவன் அம்மா ஓம வாட்டர் கொடுத்திருக்கிறார். பையன் தலையை அண்ணாந்து அண்ணாந்து என்னைப் பார்த்தான். டார்ச் அடித்தேன். இரண்டு இமையும் பாதிக் கண்ணுக்கு இறங்கியிருந்தது. இமை தூக்க முடியாததால்தான் தலையைத் தூக்கிப் பார்க்கிறான். "எங்கப்பா படுத்திருந்தே?" என்றேன். "கீழதான், பாய்ல" என்றான். நாக்கு குழறியது.

கட்டுவிரியன். ராத்திரியில் வீட்டுக்குள் வரும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். கொசு கடித்த அளவுக்குக்கூட வலிக்காது. வீக்கம் இருக்காது, பல் தடம் பல சமயம் தெரியவே தெரியாது. வயிற்றுவலியில் ஆரம்பித்து, இமை இறங்கி, விழுங்க முடியாமல் போய், கடைசியில் மூச்சு நிற்கும். பாம்பு என்று வீட்டில் யாருமே சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியாது. (தெரிந்தாலும் கயிறு போட்டுக் கட்டாதீர்கள், கீறாதீர்கள். கையையோ காலையோ ஆட்டாமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது ஒன்றுதான் வேலை.)

வண்டி கிளம்பிப் பத்து நிமிடத்தில் மூச்சு மேலோட்டமானது. கால் சென்டரில் இருக்கும் டாக்டரிடம் ஸ்பீக்கரில் பேசிக்கொண்டே, கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை எடுத்தேன். மாஸ்க்கை முகத்தோடு ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, மறு கையால் ஆறு வினாடிக்கு ஒருமுறை அழுத்த வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, அஞ்சு, அழுத்து. வேகமாக அழுத்தினால் காற்று வயிற்றுக்குள் போய் வாந்தி வரும்; மெதுவானால் ஆக்சிஜன் இறங்கும். இருபத்தைந்து நிமிடம் அதே கணக்கு. பையனுக்கு நினைவு இருந்தது, பேச முடியவில்லை, அவ்வளவுதான். அதனால் எண்ணிக்கைக்கு நடுவில் "இருக்கேன்டா, இருக்கேன்டா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கேஷுவாலிட்டியில் ரெடியாக இருந்தார்கள். குழாய் போட்டு வென்டிலேட்டரில் வைத்தார்கள். ஒன்பதாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனான் என்று பிற்பாடு தெரிந்தது.

அது நல்ல கேஸ். நான் சொல்ல வந்தது அதற்கு அப்புறம் நடந்தது.

எட்டரைக்கு ஒப்படைத்துவிட்டுக் கிளம்பினேன். டீ குடித்திருந்தேன், முகம் கழுவியிருந்தேன், தூக்கமே வரவில்லை, உடம்பு முறுக்கேறிக் கிடந்தது. விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டியது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் இடது கை கிளட்சை அழுத்தி அழுத்தி விடுகிறது. மனசுக்குள் மூன்று, நாலு, அஞ்சு என்று ஓடுகிறது. பையன் முகம் தெரிகிறது. கண் திறந்துதான் இருந்தது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். பின்னால் பஸ் ஹாரன் கேட்டபோது முன்சக்கரம் மண்ணில் இருந்தது. கருவேல முள்ளுக்குள் போய் விழுந்தேன். வலது காறை எலும்பு முறிந்தது. ஹெல்மெட் இருந்ததால் இதை எழுதுகிறேன்.

பக்கத்து இடத்தில் நிற்கும் 108 வண்டி வந்தது. இறங்கிய இ.எம்.டி. எனக்குப் பின்னால் சேர்ந்தவர், நன்றாகத் தெரிந்த பையன். முறைப்படி முதல் கேள்வி கேட்டார்: "அண்ணே, உங்க பேரைச் சொல்லுங்க." தலையில் அடிபட்டவரிடம் கேட்கிற கேள்வி. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் தோள் வலித்தது.

கண் திறந்தபடியே சில வினாடி மூளை அணைந்துபோவதை மைக்ரோ ஸ்லீப் என்பார்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் மூன்று வினாடி என்றால் 50 மீட்டர். இன்னொரு கணக்கும் உண்டு. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கவனமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவர் அளவுக்குத் தடுமாறும் என்று 1990-களிலேயே ஆஸ்திரேலியாவில் அளந்து பார்த்திருக்கிறார்கள். நம் நாட்டில் போலீஸ் பிடிக்கிற வரம்பு 0.03. நைட் டூட்டியின் முதல் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஏழுக்கு எழுந்து, பகலில் தூங்காமல் ராத்திரி வேலைக்குப் போனவர், மறுநாள் காலை எட்டரைக்கு பைக்கை எடுக்கும்போது இருபத்தைந்தரை மணி நேரம் விழித்திருக்கிறார். ஊதச் சொன்னால் மெஷின் ஒன்றும் காட்டாது.

அதனால் முதல் மாதச் சம்பளம் வருவதற்கு முன்பே, வண்டி நிற்கிற இடத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு ரூம் பார்க்கச் சொல்லுங்கள். பைலட்டோடு பகிர்ந்துகொண்டால் செலவு குறையும். பைக்கில் ஒரு நாளைக்கு 100 கி.மீ. என்றால் இரண்டு லிட்டர் பெட்ரோல், இன்றைய விலைக்கு ஏறக்குறைய 200 ரூபாய். மாதம் 26 நாளைக்கு ஐயாயிரத்தைத் தாண்டும். சின்ன ஊரில் பாதி ரூம் வாடகை அதற்குள் அடங்கிவிடும். ரூம் முடியவே முடியாது என்றால் பஸ், பாசஞ்சர் ரயில், எதுவானாலும் சரி, ஓட்டுபவர் வேறு ஆளாக இருக்க வேண்டும். பஸ்ஸில் தூங்கி ஸ்டாப்பிங் தாண்டிப் போனால் கண்டக்டர் திட்டுவார், அதோடு முடிந்தது. நான் தோள் கட்டு அவிழ்த்த பிறகு பஸ்தான். இரண்டு முறை மதுராந்தகம் வரை போய்த் திரும்பியிருக்கிறேன்.

பைக்கில்தான் வர வேண்டியிருக்கிற நாளும் வரும். அன்று ஒப்படைத்த உடனே கிளம்பக் கூடாது. ஒரு டீயைக் குடித்துவிட்டு அங்கேயே பெஞ்சில் இருபது நிமிடம் படுக்க வேண்டும். டீ குடித்தால் தூக்கம் எப்படி வரும் என்பார்கள். வரும். டீயும் காபியும் வேலையைக் காட்டவே இருபது முப்பது நிமிடம் ஆகும், எழுந்திருக்கிற நேரத்துக்குச் சரியாகப் பிடிக்கும். இது வீடு போய்ச் சேரத்தான், தூக்கத்துக்கு ஈடு கிடையாது.

பகல் தூக்கம் தனி வித்தை. உடம்புக்குள் இருக்கிற கடிகாரம் வெயிலைப் பார்த்தால் விழித்துக்கொள்ளும், அதனால் பகலில் எவ்வளவு அசதியாகப் படுத்தாலும் நாலைந்து மணி நேரத்தில் முழிப்பு வந்துவிடும். நம் ஊரில் அதுகூடக் கிடைக்காது. சிமெண்ட் ஷீட் வீடு, மே மாத வெயில், பதினோரு மணி கரண்ட் கட். ஆடி மாதம் என்றால் தெருமுனையில் கூழ் ஊற்றும் அம்மன் கோயில் ஒலிபெருக்கி. "பட்டப்பகல்ல என்னடா தூக்கம்" என்று பார்க்க வருகிற பெரியப்பா. சன்னலுக்குக் கெட்டியான போர்வை, காதுக்குப் பஞ்சு, தரையில் ஈரத்துணி, போன் சைலன்ட்: இதையெல்லாம் வீட்டிலிருப்பவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். உங்களிடமும் அம்மாவிடமும் நான் கேட்பது இதுதான். நைட் முடித்து வந்தவரை ரேஷன் கடைக்கு அனுப்பாதீர்கள். நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்கவிட்டு, சாயந்திரம் கிளம்பும் முன் இன்னொரு ஒன்றரை மணி நேரம் படுக்கச் சொல்லுங்கள். துண்டு துண்டாக இருந்தாலும் மொத்தம் சேர வேண்டும்.

சாப்பாடு பற்றி ஒரு வரி: ராத்திரி பதினொன்றரைக்குப் பரோட்டா சால்னா எல்லா இ.எம்.டி.யும் முதல் வருஷம் செய்கிற தப்பு, இரண்டாம் வருஷம் பாக்கெட்டில் ஜெலூசில் இருக்கும்.

பைலட்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். உங்கள் தம்பியின் உயிர் அவர் கண்ணிமையில் இருக்கிறது. நோயாளி உள்ளே இருக்கும்போது யாரும் தூங்குவதில்லை. சைரன், உறவினர் கதறல், அவசரம் எல்லாம் சேர்ந்து விழிக்க வைக்கும். ஆபத்து, இறக்கிவிட்டுத் திரும்பும்போது. ஜிப்மரில் விட்டுவிட்டு மூன்றரைக்குக் காலி வண்டி திரும்பும், ஏ.சி. காற்று, நேர் ரோடு. புது இ.எம்.டி. பின்னால் ஸ்ட்ரெச்சரில் காலை நீட்டிப் படுத்துவிடுவார். செய்யவே கூடாது. முன்சீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும். எதைப் பேசுவது என்று கேட்காதீர்கள். எனக்கு வாய்த்த பைலட் அண்ணனுக்கு ஆடு வளர்ப்பில் பித்து. கொடி ஆட்டுக்கும் தலைச்சேரி ஆட்டுக்கும் வித்தியாசம் எனக்கு இன்றும் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அவர் பதில் ஒற்றைச் சொல்லாகிவிட்டால், "ஆமா", "ம்" என்று இழுத்தால், ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட வேண்டும். வயதில் மூத்தவரிடம் எப்படிச் சொல்வது என்று தம்பி தயங்குவார். எனக்கு அவசரமாக ஒன்றுக்கு வருகிறது என்று சொன்னால் போதும், எல்லாரும் நிறுத்துவார்கள்.

இனி அம்மாவின் பயங்கள். தொற்றுக்கு வழி இருக்கிறது. சேர்வதற்கு முன்பே ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியைத் தொடங்கச் சொல்லுங்கள், மூன்று டோஸ், முடிய ஆறு மாதம் ஆகும். கையுறை இல்லாமல் யாரையும் தொடக் கூடாது. ஊசி குத்திவிட்டால் மறைக்காமல் அப்போதே ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் இன்னும் நல்லது. ரத்தம் முதல் வாரம் சாப்பாட்டைக் கெடுக்கும், அப்புறம் கெடுக்காது. வசவு பழகுவதற்குத்தான் நாளாகும். போன் செய்து ஐந்து நிமிடம் ஆகியிருக்கும், ஒரு மணி நேரம் ஆனதாகச் சட்டையைப் பிடிப்பார்கள். அவர்கள் கடிகாரம் அன்று அப்படித்தான் ஓடும். எதிர்த்துப் பேசாமல் நேராக நோயாளியிடம் குனிந்துவிட்டால் பெரும்பாலும் கை தளரும்.

சாவு வேறு விஷயம். அதைப் பழகும் என்று சொல்லி உங்களை ஏமாற்றமாட்டேன். பெரியவர்கள் போவது கூடவே வராது. குழந்தைகள் வருவார்கள். எனக்கு ஒரு சிவப்பு ரப்பர் செருப்பு, ஒற்றைக்கால், வண்டி கழுவும்போது சீட்டுக்கு அடியில் கிடைத்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் யாரிடமும் பேசவில்லை. தம்பி அப்படி வந்து உட்காரும் நாளில் "என்ன ஆச்சு" என்று குடையாதீர்கள், சோற்றைப் போட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். இரண்டு மூன்று வாரம் ஆகியும் தூக்கம் கலைந்துகொண்டே இருந்தால், அதே காட்சி திரும்பத் திரும்ப வந்தால், மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, கூட்டிப்போங்கள். நான் போனேன், நாலு வருஷம் தாமதமாக.

நைட் ஷிஃப்டைத் தாங்குவாரா என்றால், 23 வயதில் உடம்பு தாங்கும். நாற்பதில் தாங்காது, எனக்குத் தாங்கவில்லை, சர்க்கரை வந்த பிறகுதான் வகுப்பெடுக்கப் போனேன். அதனால் வேலையில் இருக்கும்போதே மேலே என்ன படிப்பது, எங்கே நகர்வது என்று ஒரு கண் இருக்கட்டும். இதை இன்று அவரிடம் சொல்ல வேண்டாம், இரண்டு வருஷம் கழித்துச் சொல்லுங்கள்.

கடைசியாக போன். காலை எட்டரைக்கு அடித்து எடுக்கவில்லை என்றால் அம்மா மறுபடி மறுபடி அடிப்பார். கேஸில் இருந்தால் எடுக்க முடியாது, வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் எடுக்கவே கூடாது. என் அம்மாவுக்கும் எனக்கும் ஒரு ஏற்பாடு இருந்தது. ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறியதும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன். அது வந்த பிறகுதான் உலை வைப்பார். சில நாள் உலை பன்னிரண்டு மணிக்குத்தான் கொதித்தது.